இடம் மாறினாலும் அது மார்பகப் புற்றுநோய்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் உடனே 'எலும்புப் புற்றுநோய்' என்கிறோம். தவறு. அங்கே வளர்வது மார்பகச் செல்தான், மருந்தும் அதற்குரியதுதான். இப்படிப் பிற உறுப்புகளுக்குப் பரவிய நிலையான நான்காம் கட்டத்தை முற்றிலும் குணமாக்குவது அரிது. ஆனால் பலருக்கு ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வைக்க முடிகிறது. 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று கையை விரிப்பது அவசரம்.

எந்த மருந்து என்பதை, புற்றுச் செல்லில் ஹார்மோன் ஏற்பிகள் (ஈ.ஆர்., பி.ஆர்.), ஹெர்2 என்ற புரதம் ஆகியவை உள்ளனவா என்று பார்க்கும் பரிசோதனைகளே முடிவு செய்கின்றன. பழைய ரிப்போர்ட் போதாது; பரவும்போது இவை மாறியிருக்கலாம். முடிந்தால் பரவிய இடத்திலேயே பயாப்ஸி (பரிசோதனைக்கான திசுத் துண்டு) எடுக்க வேண்டும். ஹெர்2 '2+' என்று வந்தால் அது பாசிட்டிவும் அல்ல, நெகட்டிவும் அல்ல. ஹெர்2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை அவசியம். பயாப்ஸியில் எடுத்த எலும்புத் துண்டை மென்மையாக்க லேபில் கடுமையான அமிலம் பயன்படுத்தினால் முடிவு பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

ஹார்மோன் ஏற்பி உள்ள வகைக்குத் தரும் பால்போசிக்லிப், 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டிய மாத்திரை. அதோடு தரும் ஹார்மோன் தடுப்பு மாத்திரையான லெட்ரோசோல் 2.5 மி.கி.யை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. இரண்டையும் சேர்த்து நிறுத்துவதுதான் வழக்கமான குழப்பம். பால்போசிக்லிப்பால் வெள்ளணு குறையும் என்பதால் முதல் இரண்டு 28 நாள் சுற்றுகளில் 1, 15ஆம் நாள்களில் ரத்தப் பரிசோதனை வேண்டும். நடுவில் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எலும்பு முறியாமல் காக்கத் தரும் சோலெட்ரோனிக் அமில ஊசிக்கு முன் பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

முதுகுவலியோடு கால் தளர்ந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ தண்டுவடம் நசுங்குகிறதோ என்று சந்தேகித்து, அன்றே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். ஒரு நாள் தாமதம்கூட நடையைப் பறித்துவிடலாம்.