அண்ணா, அந்த நெகட்டிவ் ரிப்போர்ட் போதாது

அண்ணா,

அப்பாவுக்கு வந்த பெருங்குடல் புற்றுநோய் உனக்கும் இருக்கிறதா என்று பார்த்த மலப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி "நெகட்டிவ். இப்போ திருப்தியா?" என்று கேட்டிருந்தாய். இல்லை. அப்பாவின் திவசத்துக்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். போனில் பேச்செடுத்தாலே வைத்துவிடுகிறாய், அதனால்தான் இங்கே.

ஃபிட் என்கிற அந்த மலப் பரிசோதனை நல்ல சோதனைதான். குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லாதவர் 45 வயதிலிருந்து வருஷம் ஒருமுறை செய்துகொள்ளலாம். ஆனால் அது கசிந்த ரத்தத்தைத்தான் பார்க்கிறது, கட்டியை அல்ல. பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை, தினமும் கசிவதில்லை. தட்டையாக ஒட்டிக் கிடப்பது கசிவதே அபூர்வம். ஒரே தடவை செய்தால் புற்றுநோயிலேயே ஏறக்குறைய நான்கில் ஒன்று தப்பிவிடும், பெரிய பாலிப்புகளில் பாதிக்கு மேல் தப்பிவிடும். பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் 10 வருஷம் பிடிக்கும். அதற்குள் அதை அறுத்து எடுத்துவிடத்தான் கொலனோஸ்கோபி, ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது. பெற்றவருக்கு 60க்கு முன்னால் வந்திருந்தால் பிள்ளைகள் 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்கு 10 வருஷம் முன்னால், எது முந்துகிறதோ அப்போது தொடங்க வேண்டும். பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை. அப்பாவுக்கு அப்போது 48. உனக்கு இந்தத் தையோடு 38.

அந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஹீமோகுளோபின் 7.9. நீதான் வாசித்தாய். "மூலத்துல போயிருக்கும்" என்றார் அப்பா, எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார்கள். மாத்திரையே மலத்தைக் கறுப்பாக்கும், அதனால் கறுத்ததையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வலப்பக்கப் பெருங்குடல் அகலமானது. அங்கே மலம் இன்னும் தண்ணியாகத்தான் இருக்கும். கட்டி வளர்ந்தாலும் லேசில் அடைக்காது, ரத்தம் மட்டும் மலத்தோடு கலந்து போய்க்கொண்டே இருக்கும். இடப்பக்கமென்றால் மலம் மெலியும், போக்கு மாறும், சிவப்பாகவே தெரியும். ஆம்பளைக்கு இரும்புச்சத்து இறங்கினால் மேலேயும் கீழேயும் குழாய் விட்டுப் பார்த்தாக வேண்டும். பார்க்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன், பிறகு நடந்ததையும் எழுத மாட்டேன். சித்தப்பா வீட்டிலும் இதைப் படிப்பார்கள்.

அண்ணி எதிரில் உன்னைக் கோழை என்றது தப்பு. மன்னித்துக்கொள். ஆனால் ராத்திரி ராத்திரியாக அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தவன் நீ. அந்தக் கையால் ஒரு அப்பாயின்ட்மென்ட் போட முடியவில்லையா? "அங்கே போய் குழாயா" என்று கூச்சப்படுகிறாய். அப்பாவும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்.

குழாய் விரல் தடிமன்தான், மயக்க ஊசி போட்டுவிடுவார்கள். கஷ்டமெல்லாம் முந்தைய நாள்தான். மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, தக்காளி, விதையுள்ள எதுவும் வேண்டாம். வெள்ளைச் சோறு, இட்லி, தயிர், முட்டை சாப்பிடலாம். முந்தைய நாள் இளநீர், வடிகட்டிய ரசத் தெளிவு, பால் சேர்க்காத டீ மட்டும். சிவப்பு, ஊதா நிறப் பானம் உள்ளே ரத்தம் மாதிரி தெரியும், வேண்டாம். பேதிப் பொடியைக் கரைத்து ராத்திரியே முழுக்கக் குடித்துவிடாதே. பாதி சாயங்காலம், பாதி சோதனைக்கு 5 மணி நேரம் முன்னால். கடைசி 2 மணி நேரம் ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது. ஒரேயடியாகக் குடித்தால் விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து பித்தநீர் இறங்கி வலப்பக்கத்தில் படிந்துவிடும். அப்பாவுக்கு இருந்த பக்கம். கடைசியில் சிறுநீர் மாதிரி தெளிந்த மஞ்சளாகப் போக வேண்டும். கலங்கலாகப் போனால் டாக்டரிடம் மறைக்காதே. அன்றைக்கு பைக் ஓட்டாதே.

ரிப்போர்ட்டில் குழாய் சீக்கம் வரை, அதாவது பெருங்குடல் தொடங்கும் இடம் வரை போனதா, குடல் எவ்வளவு சுத்தம் என்ற மதிப்பெண் இருக்கிறதா என்று பார். சுத்தம் போதவில்லை என்றால் 5 வருஷம் காத்திருக்கக் கூடாது, சீக்கிரமே மறுபடி செய்ய வேண்டும். பாலிப் எடுத்தால் அந்தச் சதையைச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு.

இன்னொன்று, 50க்கு முன்னால் வந்த நோய் என்பதால் லின்ச் என்கிற பரம்பரைக் கோளாறா என்று மரபணு ஆலோசகரிடம் கேட்க வேண்டும். அப்பாவின் பழைய பயாப்ஸி பிளாக், அதாவது மெழுகில் பதித்து வைத்த சதைத் துண்டு, கிடைக்குமா என்று நான் விசாரிக்கிறேன். லின்ச் என்று தெரிந்து, அந்த மரபணுக் கோளாறு நமக்கும் இருந்தால் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி. அந்த மரபணு பாப்பாவுக்கும் இருந்தால் அவளுக்கு 20, 25 வயதிலேயே தொடங்கும்.