ஓர் அடிக்கு ஓர் அங்குலம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். வீட்டுக்குள் இன்னொரு வீட்டை எப்படி நுழைத்தாய் என்று கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் சொன்னால் அளவுகள் எல்லாம் காற்றோடு போய்விடும். பட்டறையில் வேலை ஓய்ந்த நேரத்தில் நிதானமாகப் படியுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே டிராவல் டிரெய்லர் என்று சொல்வது சக்கரம் வைத்த ஒரு சின்ன வீடு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. காரின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். டிரெய்லரின் மூக்கு அதன்மேல் தொப்பி போலக் கவிந்து பூட்டிக்கொள்ளும். அமெரிக்காவுக்கு வந்த நாளிலிருந்து அடுக்குமாடியும் அலுவலகமுமாகவே இருந்துவிட்டோம். இந்த நாட்டின் மலைகளையும் பாலைவனத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதனால்தான் வீடு வாங்கிய கையோடு, வேறொருவர் வைத்திருந்த பழைய டிரெய்லர் ஒன்றையும் வாங்கினோம்.

அதை வாசலிலேயே நிறுத்தக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கே பல குடியிருப்புகளில் வீட்டுக்காரர் சங்கம் என்று ஒன்று உண்டு. வீடு நம்முடையதே ஆனாலும், வாசலில் எது நிற்கலாம், எது நிற்கக்கூடாது என்பதைச் சங்கத்தின் விதிகள்தான் தீர்மானிக்கும். சாலையிலிருந்து கண்ணில் படும்படி டிரெய்லரை இரண்டு நாளுக்கு மேல் நிறுத்தக்கூடாது என்பது எங்கள் சங்கத்தின் விதி. எனக்கு இதில் வருத்தம்தான். ஆனால் வெயிலும் பனியும் மாறிமாறித் தாக்கினால் கூரையின் இணைப்புகளில் பூசிய பசை வெடித்து, தண்ணீர் சுவருக்குள் இறங்கிவிடும். இறங்கியது வெளியே தெரிவதற்குள் உள்ளே மரம் உளுத்திருக்கும். மரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கேரேஜ்தான் என்று முடிவு செய்தோம்.

இங்கே வீட்டுக் கேரேஜ் கதவைத் திறந்தால் அது மேலே ஏறி, கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். கதவுகள் பெரும்பாலும் ஏழு அடி உயரம். எட்டு அடிக் கதவும் உண்டு. எங்கள் வீட்டில் இருப்பது ஏழு. டிரெய்லர்களோ கூரைமேல் ஏசி பெட்டியோடு பத்து, பதினோரு அடிக்கு நிற்கும். கூரை தாழ்ந்து மடங்கும் வகைகள் இருக்கின்றன, நீர்த்துளி வடிவில் குட்டையான வகையும் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். தேடித் தேடி, கூரைமேல் ஏசி இல்லாத, தாழ்வான ஒன்றைப் பிடித்தோம். பின்விளிம்பை ஒட்டி இருக்கும் காற்றுப்போக்கியின் மூடிதான் அதன் உச்சி. தரையிலிருந்து 6 அடி 9½ அங்குலம்.

விற்றவர் பதின்மூன்றரை அடி என்றார். அது பெட்டியின் நீளம் மட்டும். மூக்குச் சட்டம் இன்னும் மூன்றரை அடி, ஆக மொத்தம் 17. கேரேஜின் ஆழம் 22 அடி; பின்சுவரில் வெந்நீர் எந்திரத்தின் மேடை மூன்றடியை எடுத்துக்கொள்கிறது. மீதி 19. நீளத்தில் கவலை இல்லை. உயரத்திலோ, திறந்த கதவின் அடிவிளிம்பு ரப்பர் நிலையின் மேல்சட்டத்துக்குக் கீழே ஓர் அங்குலம் தொங்குகிறது. ஆக மூடிக்கு மேலே மிஞ்சுவது ஒன்றரை அங்குலம். அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற உங்கள் கணக்கில் சொன்னால் பன்னிரண்டு நூல் இடைவெளி. இங்கேயும் அடி, அங்குலம்தான் என்பதால் உங்கள் நூல் கணக்கு எனக்கு இன்றுவரை கைகொடுக்கிறது.

பன்னிரண்டு நூல் போதும் என்று நம்பி, காரால் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளினேன். மூடி மேல்சட்டத்தைத் தாண்டிவிட்டது. என் கணவர் கையைத் தூக்கி "வா, வா" என்றார். நாலரை அடி உள்ளே போனபோது மேலே 'கிறீச்' என்று ஒரு சத்தம். இறங்கி ஏணியில் ஏறிப் பார்த்தேன். கூரைக்கு இணையாகப் படுத்திருந்த கதவுப் பலகையின் அடியில் மூடி போய் முட்டியிருந்தது. வெயிலில் காய்ந்து மொரமொரத்த அந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கில் மயிரிழை போல ஒரு விரிசல், மூலையிலிருந்து நடு வரைக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நுழைந்த பொருள் எப்படி முட்டும்? அன்று இரவு முழுக்க இதே யோசனை. காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ரசமட்டத்தை வாங்கி, சாலையிலிருந்து கேரேஜுக்கு ஏறும் சிமெண்டுப் பாதையில் வைத்தேன். இரண்டடி ரசமட்டம். குமிழி நடுவுக்கு வரும்வரை கீழ்முனையை மெல்லத் தூக்கினேன். அடியில் இரண்டு அங்குல இடைவெளி. ஓர் அடிக்கு ஓர் அங்குலச் சரிவு! அப்போதுதான் விளங்கியது. சக்கரங்கள் சரிவில் இருக்கும்வரை டிரெய்லரும் சரிவாகவே நிற்கிறது. பின்பக்கம் உள்ளே போகப் போக, மட்டமான தரையைவிட்டு மேலே ஏறிக்கொண்டே போகிறது. சக்கரத்துக்குப் பின்னால் ஏழடி இருக்கிறது. சக்கரம் வாசல்படியைத் தொடும்போது மூடி ஏழு அங்குலம் உயர்ந்து 7 அடி 4½ அங்குலத்தில் நிற்கும். கதவுப் பலகை படுத்திருப்பதோ 7 அடி 2 அங்குலத்தில். நான் மட்டமான தரையில் எடுத்த அளவு சரியானதுதான், அண்ணா. ஆனால் அது நின்றுவிட்ட வண்டியின் அளவு.

மேல்சட்டத்தை அறுத்து உயர்த்திவிடலாமா என்று என் கணவர் கேட்டார். அது கூரையின் பாரத்தைத் தாங்கும் உத்திரம். நகராட்சி அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. கதவின் சுருள்வில்லையும் தொட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். முறுக்கி வைத்த அந்த வில் நழுவினால் கை போய்விடும். டயரில் காற்றை இறக்கினால் ஓர் அங்குலம் கிடைக்கலாம், அது எந்த மூலைக்கு?

வழி சொன்னவர் அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான். பின்பக்கம் தாழ வேண்டுமானால் மூக்கை உயர்த்து என்றார். காரில் குண்டைத் தாங்கும் இரும்புக் கை, படி இறங்குவது போல நான்கு அங்குலம் கீழே வளைந்திருக்கும். அதை உருவித் தலைகீழாகச் செருகி, குண்டைக் கழற்றி மறுபக்கத்தில் முடுக்கினோம். நான்கு அங்குலத் தாழ்வு நான்கு அங்குல உயர்வாகியது, ஆக எட்டு. குண்டிலிருந்து சக்கரம் பத்தடி, சக்கரத்திலிருந்து மூடி ஏழடி. தராசுக் கணக்குப்படி மூடி ஐந்தரை அங்குலத்துக்கு மேல் இறங்கியது. சாலையில் இப்படி இழுக்கக்கூடாது, அங்கே டிரெய்லர் மட்டமாக இருக்க வேண்டும். வாசலில் தள்ளுவதற்கு மட்டும்தான் இந்த வித்தை.

இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள். கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே டிரெய்லரின் பின்புறமும் போகும். சைகை காட்டுபவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியவில்லையென்றால் அந்த நொடியே நிறுத்திவிடு.

இரண்டாம் முறை என் கணவர் ஏணியில் நின்றுகொண்டு, மூடிக்கும் கதவுப் பலகைக்கும் நடுவில் விரல்களை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "மூன்று விரல்... மூன்று விரல்..." என்ற குரலைத் தவிர எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. சக்கரம் வாசல்படியைத் தாண்டிப் போய், தரையில் நான் சாக்பீஸால் போட்ட கோட்டில் நின்றது. சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை கொடுத்த பிறகே குண்டிலிருந்து விடுவித்தோம்.

எரிவாயு உருளைகளைக் கழற்றி, வெளியே வீட்டைவிட்டுத் தள்ளி நிமிர்த்தி வைத்துவிட்டோம், பயப்பட வேண்டாம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையிலேயே தேங்கும். பெட்ரோல் ஆவியும் அப்படித்தான். வெந்நீர் எந்திரத்தைப் பதினெட்டு அங்குல மேடைமேல் ஏற்றி வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அன்று இரவு பிள்ளைகள் கேரேஜிலேயே, டிரெய்லருக்குள்தான் தூங்கினார்கள்.

உங்களிடம் ஒரு கேள்வி. காரின் பின்சக்கரங்கள் வரும் இடத்தில் ஆப்பு வடிவப் பலகை வைத்து, காரின் பின்பக்கத்தையும் அதோடு டிரெய்லரின் மூக்கையும் உயர்த்திவிட்டால், ஒவ்வொரு முறையும் குண்டைத் திருப்ப வேண்டியிருக்காது என்று தோன்றுகிறது. அப்படிச் செய்தால் பலகையின் தடித்த முனை சரிவின் கீழ்ப்பக்கம் வரும், அங்கே சக்கரம் எப்படி ஏறும் என்பதுதான் புரியவில்லை. படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். எந்த மரம், எத்தனை துண்டு, ஆணியா திருகா என்று எழுதுங்கள். அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை