கல்விக் கடன் தள்ளுபடி: கட்டி முடித்தவர்களையும் கணக்கில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கல்விக் கடனைக் கட்டி முடித்த பொறியியல் பட்டதாரி,
சங்கரன்கோவில் வட்டம், தென்காசி மாவட்டம்.
(பெயரும் முகவரியும் தனித்தாளில்)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
நிதித் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: கல்விக் கடன் தள்ளுபடிக்கு விதி வகுக்கும்போது, கிடைக்காமல் போன வட்டி மானியத்தை முதலில் சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. யாருக்கு, எந்தத் தேதியை வைத்து, எதைத் தள்ளுபடி செய்வது என்பதில்தான் என் குறை.

அப்பா விசைத்தறித் தொழிலாளி. 2010-இல் பொறியியல் சேர்ந்தபோது வருடத்துக்கு 60,000 வீதம் நான்கு வருடத்துக்கு 2,40,000 ரூபாய் கடன் வாங்கினேன். வட்டி 12 சதவீதம். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பம் என்றால், படிக்கும் காலத்துக்கும் அதன்பிறகு ஓராண்டுக்கும் சேரும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் வட்டி மானியத் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்தே இருக்கிறது. எங்கள் வருமானச் சான்றிதழில் இருந்த தொகை 72,000. அந்தச் சான்றிதழுக்காக அப்பா மூன்று நாள் தறியை நிறுத்திவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தார். வாங்கி வந்து வங்கிக் கிளையில் கொடுத்தோம். மேலாளர் அதை ஃபைலில் கோத்தார். அவ்வளவுதான்.

2015-இல் தவணை தொடங்கியபோது என் பெயரில் 3,41,000 நிலுவை இருந்தது. ஏறிய வட்டி மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். மானியம் எங்கே என்று கேட்டேன். "கிளெய்ம் அனுப்ப வேண்டிய தேதி போயிடுச்சு தம்பி" என்றார்கள் வங்கியில். மானியத்தைக் கேட்டு வங்கிதான் அனுப்ப வேண்டிய விண்ணப்பம் அது. அவர்கள் திறந்து காட்டிய ஃபைலில் எங்கள் சான்றிதழ் அப்படியே இருந்தது. தாசில்தாரின் பச்சை மைக் கையெழுத்துகூட அழியவில்லை.

திருப்பூரில் 11,000 சம்பளத்தில் மாதம் 6,000 தவணை கட்டினேன். 2019-இல் வேலை போனதும் அம்மாவின் இரண்டரைப் பவுன் சங்கிலி கூட்டுறவுச் சங்கத்துக்கு அடகு போனது. அரிசிக்குப் போக மிச்சத்தைச் சேர்த்துச் சேர்த்து, 2021 ஜனவரியில் அம்மா அதைத் திருப்பினார். அந்த ஆண்டே 5 பவுன் வரையிலான கூட்டுறவு நகைக் கடன்களுக்குத் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்த கடனுக்குத்தான் அது செல்லும். பக்கத்து வீட்டு அத்தைக்கு நகை இலவசமாகவே திரும்பி வந்தது. அம்மாவுக்குப் பொறாமை இல்லை, அத்தை கஷ்டப்பட்டவர் என்பது அவருக்குத் தெரியும். "நாம ரெண்டு மாசம் பொறுத்திருந்தா போதுமாடா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதே கேள்வியைக் கல்விக் கடனிலும் கேட்க வைத்துவிடாதீர்கள். நான் 2022-இல் கணக்கை முடித்தேன். கட்டாதவருக்கு முழுத் தள்ளுபடி, கட்டியவருக்கு நோ டியூஸ் (பாக்கி இல்லை) சான்றிதழ் மட்டும் என்றால், அடுத்த தேர்தல் வரை கட்டாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று எங்கள் தெருப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

ஆகவே, அசலைத் தொடுமுன் வட்டியைப் பாருங்கள். தகுதி இருந்தும் வங்கி கிளெய்ம் அனுப்பாததால் மானியம் கிடைக்காதவர்களின் பட்டியலைக் கிளைவாரியாகக் கேட்டு வாங்குங்கள். கடன் நிலுவையில் இருந்தால் அந்தத் தொகையைக் கழியுங்கள், முடிந்திருந்தால் திருப்பித் தாருங்கள். இது எங்களுக்கு ஏற்கெனவே சேர வேண்டிய பணம். மத்திய அரசின் மானியம் என்பதால், தேவைப்பட்டால் இந்தத் துறையே டெல்லிக்கு எழுத வேண்டும்.

அதன்பிறகு அசல் தொகையின் தள்ளுபடி என்று வந்தால், 2021 தேர்தல் நேரத்தில் பேசப்பட்ட 30 வயது வரம்பை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். இருபத்தெட்டு வயதில் ஐடி கம்பெனியில் நல்ல சம்பளம் வாங்குபவரும் உண்டு, முப்பத்து மூன்று வயதில் ஜவுளிக்கடையில் நிற்பவரும் உண்டு. சம்பளத்தைப் பாருங்கள். பாதியில் படிப்பை விட்டவர்களை முதலில் பாருங்கள். பட்டமும் இல்லை, கடன் மட்டும் உண்டு, உடல்நலக் காரணம் இல்லாவிட்டால் வட்டி மானியமும் கிடையாது. என் அண்ணன் கல்லூரி வாசலையே மிதித்ததில்லை. அவர் பைக்குக்குப் போடும் பெட்ரோலின் வரியும் சேர்ந்துதானே இந்தத் தள்ளுபடிக்குப் போகும்? வசதியானவரின் கடனுக்கு அது போகக் கூடாது.

இன்னொன்று. இந்தக் கடன்கள் பெரும்பாலும் பொதுத்துறை வங்கிகளில் இருக்கின்றன. அரசு பாதியைக் கொடுத்து, வங்கி மீதியை விட்டுக்கொடுத்தால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு', அதாவது முழுதாகக் கட்டாமல் முடித்த கடன், என்று விழும். பிறகு வீட்டுக் கடன் கேட்டுப் போனால் அந்த ஒரு வார்த்தையே கதவைச் சாத்திவிடும். கணக்கு முழுதாக முடிந்ததாகப் பதிவாகும்படி வங்கிகளோடு முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள்.

கடன் கணக்கு அறிக்கை, வருமானச் சான்றிதழ் நகல், நோ டியூஸ் சான்றிதழ் ஆகியவற்றை இணைத்துள்ளேன். என் கிளைக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பி, அதன் நகலை எனக்கும் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)