கசிவு எங்கே என்று தேடுமுன், எப்போது என்று பார்

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

இங்கு நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று இரவு நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டபின் எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை. உன் குளியலறைக்கு நேர் கீழே உள்ள வீட்டின் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது என்று அந்த வீட்டு அம்மா மூன்று முறை வந்து சொல்லியிருக்கிறார். வாஷ்பேசினுக்கு அடியில் எம்-சீல் என்ற பிசைந்து ஒட்டும் பசையை வைத்து அடைத்தாயிற்று, இனி நின்றுவிடும் என்று நீங்கள் இருந்துவிட்டீர்கள். இப்போது கொத்தனார் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தரை டைல்ஸ் முழுவதையும் பெயர்த்தால்தான் ஆகும் என்று சொல்லிப் போயிருக்கிறார். அவரை வியாழக்கிழமைவரை பொறுத்திருக்கச் சொல். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும். எழுத்தில் இருந்தால் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்யலாம் என்பதால் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நீயே கீழ்வீட்டுக்குப் போ. மாப்பிள்ளையை மட்டும் அனுப்பாதே. தாமதித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, சொட்டு விழும் இடத்தை உன் கண்ணால் பார். தலைக்கு மேல் ஒழுகும் குளியலறையில் தினமும் குளிப்பது எவ்வளவு அருவருப்பாக இருக்கும் என்று நினைத்துப் பார். அதோடு, கூரைக்குள் இருக்கும் கம்பி ஈரம் பட்டுத் துருப்பிடித்தால், துரு ஏற ஏறக் கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அந்த நிலைக்குப் போய்விட்டால் பிளம்பரால் ஆகக்கூடியது எதுவும் இருக்காது. பார்த்துவிட்டுத் திரும்பும்போது, எந்த எந்த நேரத்தில் சொட்டுகிறது என்பதை அந்த அம்மாவிடம் நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொள். நள்ளிரவிலும் விழுகிறதா, காலையில் நீங்கள் குளித்த பிறகு மட்டும் விழுகிறதா, நீங்கள் ஊருக்கு வந்திருந்த பொங்கல் விடுமுறையில் விழுந்ததா? இந்தக் கேள்விகளை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அவற்றைக் கேட்கத் தெரியாமல் நாங்கள் ஒரு வருடத்தை வீணாக்கியிருக்கிறோம்.

1998 ஐப்பசியில் நம் கூடத்துச் சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓதம் கண்டது உனக்கு நினைவிருக்கலாம். அதன்மேல் நீ சுண்ணக்கட்டியால் யானை வரைந்தாய். மழைக்காலத்தில் தொடங்கியதால் மழைத் தண்ணீர்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம். கூடத்துப் பக்கத்துப் பூச்சைக் கொத்தி எடுத்து, நீர்புகாப் பொடி கலந்து மறுபடி பூசினோம். மாசியிலும் பங்குனியிலும் வெயில் கொளுத்தியது, ஓதம் காயவில்லை. உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இருமுறை வண்ணம் அடித்தோம், இரண்டும் உரிந்தன. கடைசியில், சமையலறைக் குழாயை மாற்றுவதற்காக வந்த வயதான பிளம்பர் ஒருவர் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "கோடையில் இது காயுமா, காயாதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். காயவில்லை என்றேன். "அப்படியானால் இது வானத்துத் தண்ணீர் இல்லை, அம்மா, தொட்டித் தண்ணீர்" என்றார். வீட்டில் எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியைச் சுவரில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்து, அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அவர் காட்டிய இடத்தில் ஒரு சாண் அகலம் மட்டும் உடைத்தபோது, துருப்பிடித்த ஜி.ஐ. எல்போவில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயின் வளைவு இணைப்பில், குண்டூசி அளவு துளை ஒன்று இருந்தது. நாங்கள் பூசியதும் வண்ணம் அடித்ததும் சுவரின் மறுபக்கத்தில் நடந்த வேலைகள்.

தண்ணீர் வெளியே தெரியும் இடம் ஒன்று, அது குழாயை விட்டுப் புறப்படும் இடம் வேறு. கம்பியோரமாக, குழாயோரமாக, டைல்ஸுக்கு அடியில் எங்கெங்கோ ஊர்ந்துபோய், வழி கிடைத்த இடத்தில் சொட்டும். அதனால் இடத்தை வைத்துக் கண்டுபிடிப்பதைவிட நேரத்தை வைத்துக் கண்டுபிடிப்பது எளிது. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் எந்நேரமும் தண்ணீர் நிறைந்து, அழுத்தத்தோடு நிற்கிறது. தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழே குழாயின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் இருக்கும். அந்தக் குழாயில் துளை இருந்தால் இரவு பகல் பாராமல் கசியும். கழிவுநீர்க் குழாயோ, தரை வடிகாலின் இணைப்போ, டைல்ஸ் இடுக்கோ என்றால், நீங்கள் தண்ணீர் புழங்கிய பிறகுதான் கசியும். மொட்டைமாடி என்றால் மழையோடு வந்து வெயிலோடு போகும். இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உன் வீட்டுக் குளியலறைக்குத் தண்ணீர் வரும் வழியை மூடும் வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றே கண்டுபிடி. சில கட்டடங்களில் குளியலறைக்குள்ளேயே மேலே இருக்கும்; சிலவற்றில் குழாய்கள் இறங்கும் சந்தில் இருக்கும்; சிலவற்றில் மொட்டைமாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். காவலாளிக்கோ சங்கச் செயலாளருக்கோ தெரிந்திருக்கும். பலமுறை திருகி மூடும் கேட் வால்வாக இருந்து, பல வருடம் யாரும் தொடாமல் இருந்தால் இறுகிப்போயிருக்கும். அதை முரட்டுத்தனமாகத் திருகினால் தண்டு முறிந்துவிடும். திரும்பவில்லை என்றால் விட்டுவிடு. அதைப் பழுதுபார்ப்பதற்கே பிளம்பரைக் கூப்பிடலாம். மூட முடியாத வால்வை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பது எனக்குப் பிடிக்காத காரியம்.

வால்வு திரும்பினால், செவ்வாய் இரவு பத்து மணிக்கு மேல் யாரும் அந்தக் குளியலறையைப் புழங்க வேண்டாம். கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்லி, சொட்டும் இடத்தில் ஒரு வாளி வைத்து, காலை ஆறு மணிக்கு எவ்வளவு சேர்ந்தது என்று அளந்துகொள். அன்று வால்வு திறந்தே இருக்கட்டும். புதன் இரவு வால்வை மூடிவிட்டு அதேபோல் அள. வால்வை மூடியதும் அளவு நன்றாகக் குறைந்தால் தண்ணீர் வரும் குழாயில்தான் கோளாறு. இரண்டு இரவும் ஒரே அளவாக இருந்தால் மட்டும் அவசரப்பட்டு முடிவுக்கு வராதே. பழைய அடுக்ககங்களில் குளியலறைத் தரையின் கான்கிரீட்டை ஓர் அடிவரை தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்தைச் செங்கல் ஜல்லியால் நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பள்ளம் ஒரு தொட்டிபோலத் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும். கசிவு நின்ற பிறகும் நாள்கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் வால்வை மூடியபடியே வைத்து, இன்னும் இரண்டு மூன்று நாள் வேறு குளியலறையைப் புழங்கிக்கொண்டு, குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீர் வரும் குழாய் இல்லை என்று தெரிந்தால், வடிகாலையும் தரையையும் தனித்தனியாகச் சோதித்துப் பார். ஒரு வாளித் தண்ணீரில் சமையலுக்குப் போடும் சிவப்பு நிறத்தைக் கலந்து, தரை நனையாமல், ஒரு ரப்பர் குழாய் வழியாக நேராக வடிகால் துளைக்குள் ஊற்று. கீழே சிவப்பாக வந்தால் வடிகால் இணைப்பு விட்டிருக்கிறது. வரவில்லை என்றால் மறுநாள் துணியைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி வடிகாலை அடைத்து, வாசற்படியைத் தாண்டாமல் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, ஒரு நாள் முழுவதும் விட்டுப் பார். அப்போதுதான் கீழே அதிகமாகச் சொட்டுகிறது என்றால் டைல்ஸ் இடுக்கு என்று கொள்ளலாம். அதற்கும் முழுத் தரையையும் பெயர்க்க வேண்டியதில்லை, இடுக்குகளைச் சுரண்டி எபாக்ஸி நிரப்பினாலே பல இடங்களில் நின்றுவிடுகிறது. இந்தச் சமயத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: உன் வீட்டுக்குப் பணிக்கு வருகிறவர் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவதை இனி அனுமதிக்காதே. டைல்ஸ் இடுக்கில் இருக்கும் வெள்ளை சிமென்ட்டை ஆசிட் அரித்துவிடும்.

ஃப்ளஷ் டேங்கையும் மறந்துவிடாதே. அதில் கொஞ்சம் அதே நிறத்தைக் கலந்துவிட்டு அரை மணி நேரம் யாரும் தொடாமல் இருங்கள். கழிப்பறைக் கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறது. அது கீழ்வீட்டுக்குப் போகாது என்றாலும், சத்தமே இல்லாமல் இரவெல்லாம் தண்ணீரை வீணாக்கும்.

நீங்களே செய்யக்கூடிய சிறு வேலைகளும் இருக்கின்றன. உன் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று போன மாதமே சொன்னாய். நம் வீட்டில் அப்படிச் சொட்டியபோது டம்ளரில் பிடித்துப் பார்த்தேன்: பத்து நிமிடத்தில் 150 மில்லி. ஒரு நாளைக்கு 21 லிட்டருக்கு மேல், மாதத்துக்கு ஏறத்தாழ 650 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்கும் கட்டடத்தில் இருந்துகொண்டு இதை விட்டுவைக்கலாமா? பலமுறை திருகி மூடும் பழைய வகைக் குழாய் என்றால், வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, தலைப்பகுதியை ஸ்பானரால் கழற்றி, தேய்ந்த வாஷரை மாற்றினால் போதும். கால் சுற்றில் திறக்கும் புது வகை என்றால், உள்ளே இருக்கும் பீங்கான் தட்டுள்ள கார்ட்ரிட்ஜை முழுதாக மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துக்கொண்டு போ, ஏனென்றால் பல்லின் எண்ணிக்கையும் நீளமும் ஒவ்வொன்றுக்கும் மாறும். குழாயைச் சுவரிலிருந்து கழற்றி மாட்டினால், மரையின் முனை உன்னைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் டெஃப்லான் டேப்பை இறுக்கமாகச் சுற்று. எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போது அவிழ்ந்துவிடும். கழிப்பறையில் கழுவப் பயன்படும் கைத்தெளிப்பானான ஹெல்த் ஃபாசெட்டின் வளையும் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். ஊருக்குப் புறப்படும்போது அதற்குத் தண்ணீர் விடும் சுவர்த் திருகை, அதாவது ஆங்கிள் காக்கை, மூடிவிட்டு வா.

எம்-சீலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அழுத்தத்தோடு தண்ணீர் வரும் ஈர இடத்தில் அது சரியாக ஒட்டாது. வெளியே தெரியும் குழாய் திடீரென்று விட்டுவிட்டால், பழைய சைக்கிள் டியூப்பைப் பட்டையாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டு. அது அன்றிரவைத் தாண்ட உதவும். மறுநாள் ஆள் வந்தாக வேண்டும்.

சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ போகும் குழாய் எதுவானாலும், நீ கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொண்டு பிளம்பரைக் கூப்பிடு. கழிவுநீர் நாற்றம் வந்தாலும், மரை முறிந்து சுவருக்குள் தங்கிவிட்டாலும், ஒருமுறை சரிசெய்த இணைப்பு மறுபடி கசிந்தாலும் அப்படியே. சுவிட்ச் பெட்டிக்கு அருகே ஈரம் கண்டால் எதையும் தொடுவதற்கு முன் மெயினை அணைத்துவிட்டு, பிளம்பரோடு எலக்ட்ரீஷியனையும் கூப்பிட வேண்டும். கீசர் விஷயத்தில் எனக்கு மிகவும் பயம். சூடேறும்போது தண்ணீர் விரிவதால், அதன் பாதுகாப்பு வால்வில் சில சொட்டுகள் விழுவது இயல்பு. அதைக் கசிவு என்று நினைத்து யாரும் அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறிக் கீசர் வெடிக்கக்கூடும். விடாமல் ஒழுகினாலோ, அடிப்பக்கம் ஈரமாக இருந்தாலோ, மின்சாரத்தை அணைத்துவிட்டு ஆளை வரவழை.

பிளம்பர் வந்ததும் உன் முடிவைச் சொல்லாதே, நீ அளந்ததைச் சொல். எந்த இரவு எவ்வளவு, வால்வு திறந்திருந்ததா, மூடியிருந்ததா, சிவப்பு நிறம் வந்ததா என்பதை எழுதிக் காட்டினால் நல்ல வேலைக்காரருக்கு அது பேருதவி. அதைப் பார்க்காமலே உளியை எடுப்பவரை மரியாதையாக அனுப்பிவிடு. வெந்நீர்க் குழாயைச் சாதாரண பி.வி.சி.யால் இணைக்க விடாதே. 93 டிகிரிவரை தாங்கும் சி.பி.வி.சி.யும், அதற்கென்று உள்ள பசையும்தான் வேண்டும். வேலை முடிந்ததும் உடைத்த இடத்தை அன்றே பூசச் சொல்லாதே. ஓர் இரவு திறந்தபடி விட்டு, காய்ந்த செய்தித்தாளைக் குழாயின் அடியில் செருகி, காலையில் நனையாமல் இருக்கிறதா என்று பார்த்தபிறகு பூசட்டும். மூடுவதற்கு முன் குழாய் போகும் வழியை ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள். பின்னாளில் அலமாரி மாட்ட ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.

அப்பாவின் பெரிய ஸ்பானரையும் இரண்டு டெஃப்லான் டேப்பையும் இன்று மாலைப் பேருந்தில் பார்சலாக அனுப்புகிறேன். கீழ்வீட்டு அம்மாவுக்கென்று கொஞ்சம் அல்வாவும் வைத்திருக்கிறேன். வாளி வைக்கப் போகும்போது கொடு. புதன், வியாழன் இரண்டு காலையும் வாளியில் எவ்வளவு இருந்தது என்று எனக்குச் சொல். நானும் இங்கே குறித்துவைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா