நாய் விடுதிகளில் பரவும் இருமல்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடைக்காலத்தில் ஊட்டி, குன்னூர் பகுதிகளில் வெளியூர் செல்வோர் பலர் தம் நாய்களை விடுதிகளில் விட்டுச் செல்கின்றனர். குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துவிட்ட அறைகளில், போர்டெடெல்லா என்னும் பாக்டீரியாவும் பாராஇன்ஃபுளுயன்சா வைரஸும் இருமல் திவலைகள் வழியாகவும் பொதுத் தண்ணீர்க் கிண்ணங்கள் வழியாகவும் ஒரு நாயிடமிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தொற்றுகின்றன. தொற்றியபின் வறட்டு இருமல் வெளிப்பட 2 முதல் 14 நாட்கள் வரை ஆகும் என்பதால், சேர்க்கும்போது நலமாகத் தோன்றும் நாயும் நோயைக் கொண்டுவரக்கூடும். பெரும்பாலான நாய்கள் தேறிவிடும். குட்டிகளுக்கும் முதிய நாய்களுக்கும் அது நிமோனியாவாக முற்றக்கூடும் என்பதே என் கவலை. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று மட்டும் போதாது. இவ்விருமலுக்கான தடுப்பு மருந்தும் முன்கூட்டியே அளிக்கப்பட்டிருக்க வேண்டுமென விடுதியினர் வலியுறுத்த வேண்டும். இருமும் நாயைத் தனியறைக்கு மாற்றி, உரிமையாளருக்கு அன்றே தெரிவிப்பதும் அவர்களது கடமையாகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்