செயலாளர் ஆண்டறிக்கை: நடனம், ஓவியம், மறைஞானம்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், சிரமம் பார்க்காமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் மன்றத்தின் கடந்த ஆண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. சிறுவர் ஓவியப் போட்டி நடத்திப் பரிசுகள் வழங்கினோம். மழையில் நனைந்த புத்தக அலமாரியைப் பழுது பார்த்தோம். மகளிர் பிரிவு ஏற்பாடு செய்த கோலக் கண்காட்சிக்கு நல்ல வரவேற்பு இருந்தது.

அடுத்து, நவீன காலத்தில் நடனமும் ஓவியமும், கண்ணுக்குத் தெரியாத உலகைத் தேடும் மறைஞானமும் சந்தித்த இடங்களைப் பற்றிய மாதச் சொற்பொழிவு வரிசை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அறிவிப்பு வெளியானதுமே "மாந்திரீகம் எல்லாம் மன்றத்துக்கு எதற்கு?" என்று கேட்டு ஒரு மூத்த உறுப்பினர் கடிதம் எழுதினார். நாம் வழக்கமாகக் கூடும் மண்டபத்தின் நிர்வாகமும் அதே காரணம் சொல்லி இடம் தர மறுத்துவிட்டது. அதனால்தான் பெரும்பாலான கூட்டங்கள் ஓர் உறுப்பினர் வீட்டு மொட்டை மாடியில் நடந்தன. அவர் குடும்பத்துக்கு மன்றத்தின் நன்றி.

அந்தக் கடிதத்துக்கு என் பதில் இதுதான். நாம் வசிப்பது அடையாறு ஆற்றங்கரையில். 1875ல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி) என்ற மறைஞான அமைப்பு, 1882ல் தன் தலைமையகத்தை இங்கேதான் மாற்றிக்கொண்டது. அந்தச் சபையின் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் பெயரில் பெசன்ட் நகரும் ஒரு சாலையும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரும் அதே சபையைச் சேர்ந்த லெட்பீட்டரும் 1905ல் 'எண்ண வடிவங்கள்' என்ற நூலை வெளியிட்டது எத்தனை பேருக்குத் தெரியும்? கோபம், பக்தி, அச்சம் போன்றவற்றுக்கெல்லாம் நிறமும் உருவமும் உண்டு என்று சொல்லி, அவற்றை வண்ணப் படங்களாக அச்சிட்ட நூல் அது. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை ஒலிக்கும்போது ஒரு தேவாலயத்துக்கு மேலே எழும் வடிவத்தைக்கூடப் படமாகக் காட்டினார்கள். நவீன ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான ரஷ்ய ஓவியர் கான்டின்ஸ்கி இந்த நூலைப் படித்தவர். இன்னொரு முன்னோடி ஓவியர் மோன்ட்ரியன் 1909ல் நெதர்லாந்தில் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். சுவீடனில் ஹில்மா ஆஃப் கிளின்ட் என்ற பெண் ஓவியர், ஆவியுலகக் கூட்டங்களில் தனக்குக் கிடைத்த ஆணை என்று நம்பி, 1907லேயே ஆளுயரத்தைத் தாண்டிய அருவ ஓவியங்களை, அதாவது எந்தப் பொருளையும் அப்படியே காட்டாத ஓவியங்களை, தீட்டினார். தான் இறந்து இருபது ஆண்டுகள் ஆகும்வரை அவற்றைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1944ல் மறைந்தார். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு நவீன ஓவியத்தின் கதையைச் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

நடனத்திலும் இதே நிலைதான். ஸ்விட்சர்லாந்தில் அஸ்கோனா அருகே மோன்டே வெரிட்டா என்று ஒரு குன்று. நடனக் கலைஞர் ருடால்ஃப் லாபான் 1913ல் அங்கே நடனப் பள்ளி நடத்தத் தொடங்கினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 ஆகஸ்டில், தியோடர் ராய்ஸ் என்பவரின் மறைஞான அமைப்பு அங்கே மாநாடு கூட்டியது. அதற்காக லாபான் குழுவினர் மாலையில் தொடங்கி, நள்ளிரவைத் தாண்டி, சூரியன் உதிக்கும்வரை குன்றின் மேல் சூரியனைப் போற்றி ஆடினார்கள். நடன அசைவுகளைத் தாளில் எழுதிவைக்க இன்றும் பல நாடுகளில் பயன்படும் குறிமுறையை 1928ல் வெளியிட்டவரும் இதே லாபான்தான்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது பாரிஸ் பற்றிய கூட்டம். அங்கே ஷான்செலிசே அரங்கில் 1913 மே மாதம் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' என்ற பாலே நடனம் அரங்கேறியபோது பெரும் கூச்சல் எழுந்தது. அதற்குத் திரைச்சீலையும் உடையும் வடிவமைத்த ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் பின்னாளில் மனைவியுடன் சேர்ந்து அக்னி யோகம் என்ற நெறியை உருவாக்கி, இமயத்தில் குலு பள்ளத்தாக்கில் குடியேறி, அங்கேயே 1947ல் காலமானார். அந்த அரங்கேற்றத்துக்குப் பத்து வருடம் கழித்து, 1923 டிசம்பரில், குர்ஜீஃப் என்ற ஆன்மிக குருவின் மாணவர்கள் அவருடைய புனித அசைவுகளை ஆடிக் காட்டியதும் அதே அரங்கில்தான். அந்த அசைவுகளுக்காக அவருடன் சேர்ந்து இசை அமைத்த தாமஸ் டி ஹார்ட்மன், அதற்கு முன்பு மியூனிக்கில் கான்டின்ஸ்கியின் 'மஞ்சள் ஒலி' மேடைப் படைப்புக்கு இசை எழுதியவர். ஓவியர், இசைஞர், நடனமாடுபவர், குரு என்று எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்திருந்த காலம் அது. இதைக் கேட்க அன்று வந்தவர்கள் மிகச் சிலரே. வருவதாகச் சொல்லிவிட்டு வராதவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. இங்கே வாசிக்கப் போவதில்லை.

கடைசிக் கூட்டம் நம் ஊரைப் பற்றியது. 1935 டிசம்பர் 30 அன்று அடையாறு சபை வளாகத்தில், வைர விழா மாநாட்டில், ருக்மிணி தேவி பரதம் ஆடினார். அடுத்த மாதமே கலாக்ஷேத்ரா பிறந்தது. கலை ஆன்மிக வாழ்வின் ஒரு பகுதி, நடனமும் நெசவும் ஓவியமும் ஒரே வளாகத்தில் வளர வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்தச் சபைதான் மண். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நடனத்தைக் கொடுத்தது சபை அல்ல. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் ருக்மிணி தேவிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக நட்டுவனார்களும் தேவதாசிகளும் இருந்தார்கள். மேடையும் மதிப்பும் ஒரு பக்கம் போய்ச் சேர, கலையைக் காத்தவர்களில் பலர் இன்னொரு பக்கம் ஒதுக்கப்பட்டார்கள். அன்று மாடியில் நடந்த விவாதம் இரவு வெகுநேரம் நீடித்தது. மன்றம் இருப்பதே இப்படிப்பட்ட விவாதத்துக்குத்தான் என்று நினைக்கிறேன்.

சரி, கணக்கு. வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரியாக வந்திருக்கின்றன. புரொஜெக்டர் வாடகை எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடியது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சந்தா பாக்கிதான் பெரிய குறை. சிலர் இரண்டு ஆண்டுகளாகத் தரவில்லை. அவர்களில் வசதிக் குறைவால் தராதவர்கள் அநேகமாக இல்லை. சந்தா கட்டாமலே பொதுக்குழுவில் எழுந்து சொற்பொழிவு வரிசையை வீண் செலவு என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தலைவருக்கும், துணைத் தலைவருக்கும், அழைப்பிதழ் அச்சிட்ட அச்சகத்தாருக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் சுண்டலும் காபியும் கொண்டுவந்த உறுப்பினர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் நட்டுவனார் மரபைப் பற்றித் தனியாகவே ஒரு வரிசை நடத்த ஆசை. மழைக்காலத்தில் மொட்டை மாடி உதவாது. நம் உறுப்பினர்களிலேயே கூடம் உள்ள வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். என் பொறுப்புக் காலம் இத்துடன் முடிகிறது. வேறொருவர் முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் தொடரத் தயார், ஆனால் இடமும் ஆளும் வேண்டும். பாக்கிச் சந்தாவைக் கூட்டம் முடிந்ததும் வாசல் அருகே பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்