கடலோர மின் நுகர்வோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், மண்டபம் தொடங்கிக் கீழக்கரை வரை பல ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் என் அன்பான வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கூட்டம் நிறைந்திருந்தது, விசைப்படகுகள் கடலுக்குப் போனதும் குறைந்தது. 2024இல் மின் பகிர்மானக் கழகத்தின் பெயர் மாறியதால் ரசீதில் வேறு பெயர் வருகிறதே என்று பலர் கேட்டார்கள். இணைப்பு எண் மாறவில்லை, கட்டும் இடமும் மாறவில்லை என்று விளக்கினோம். நாம் எல்லோரும் இன்னும் ஈபி என்றுதான் சொல்கிறோம், அதில் தவறொன்றுமில்லை.

இந்த ஆண்டின் முக்கியமான வேலை பெரியபட்டினத்தில் ஒரு மூத்த உம்மா எழுந்து கேட்ட கேள்வியில் தொடங்கியது. "கரண்டு நிக்கப் போவுதுன்னா முன்னாடியே போனுக்கு மெசேஜ் வரும்ங்குறீங்க. எனக்கு ஒரு நாளும் வந்ததில்லையே தம்பி?" மின் கணக்கீடு எழுதும் அவருடைய வெள்ளை அட்டையை வாங்கிப் பார்த்து, இணைப்பில் பதிவான எண்ணைத் தேடினோம். துபாயில் இருக்கும் மகனின் எண். கரண்டு நிற்பது பெரியபட்டினத்தில், செய்தி போவது துபாய்க்கு. மகன் வேலை முடிந்து இரவில் பார்க்கும்போது இங்கே கரண்டு நின்று, வந்தும் விடுகிறது.

அதன்பின் தெருத் தெருவாக விசாரித்தோம். நான் எதிர்பார்த்ததைவிட நிலைமை மோசம். சில வீடுகளில் வெளிநாட்டு மகனின் எண். சில வீடுகளில் கடலுக்குப் போன கணவரின் எண், சிக்னல் எட்டாத தூரத்தில். இன்னும் சில வீடுகளில் இருந்தது வீட்டார் யாருடைய எண்ணும் இல்லை, கம்ப்யூட்டர் கடைப் பையனின் எண். 2022 நவம்பரில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை ஆதாரை இணைக்கச் சொன்னபோது கடைகளில் நீண்ட வரிசை நின்றது நினைவிருக்கும். அந்த அவசரத்தில் யார் போன் கையில் இருந்ததோ அதையே பதிந்துவிட்டார்கள்.

இதை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2021 ஜூனில் சென்னையில் மின்னகம் என்ற மின் நுகர்வோர் சேவை மையம் தொடங்கப்பட்ட பிறகு, 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரமும் புகார் சொல்ல முடிகிறது. இணைப்பு எண்ணைச் சொன்னால் புகார் நம் பிரிவு அலுவலகத்துக்குப் போகிறது, புகார் எண் நம் போனுக்கு வருகிறது. பில் தொகையும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் மின்தடை அறிவிப்பும் அதே போனுக்குத்தான். எல்லா வசதியும் இணைப்பில் பதிவான அந்த ஒற்றை எண்ணைப் பிடித்துத்தான் வீட்டுக்குள் வருகிறது. அது தவறாக இருந்தால், நல்ல வசதியும் நம் வாசலைத் தாண்டிப் போய்விடும். ஆகவே எண் திருத்தும் வேலையை இளைஞர்கள் கையில் கொடுத்தோம். வீட்டில் பகல் முழுக்க இருப்பவர் யாரோ அவர் எண்ணைப் பதிவது என்பதே நாம் வகுத்த விதி. பெரும்பாலும் அது பெண்களின் எண். தன் பெயரில் ஒரு போன் எண் இருக்கிறது என்பதே சிலருக்குப் பெருமையாக இருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

புகார் வாங்குபவர் சென்னையில் இருப்பதால் இன்னொரு சிக்கலும் வந்தது. "பள்ளிவாசல் பின்னால இருக்குற டிரான்ஸ்ஃபார்மர்" என்றால் நம் பழைய லைன்மேனுக்குப் போதும். எந்தக் கம்பம், எந்த ஜம்பர் (இணைப்புக் கம்பி) என்று சைக்கிளில் ஏறும்போதே அவருக்குத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். காலியிடங்கள் நிரம்பவில்லை என்று தொழிற்சங்கங்கள் ஆண்டுதோறும் முறையிடுகின்றன. புதிதாக வருபவர் வேறு மாவட்டத்துக்காரர். அவர் திறமைசாலிதான், ஊர் மட்டும் பழகவில்லை. ஆகவே ஓய்வு பெற்ற ஒரு லைன்மேன் அண்ணனைக் கேட்டுக்கொண்டோம். மறுப்புச் சொல்லாமல், முழங்கால் வலியோடு, நம் பையன்களுடன் தெருத் தெருவாக நடந்தார். எந்த டிரான்ஸ்ஃபார்மரில் எந்தத் தெரு, லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்ச் எங்கே, எந்தக் கம்பம் அடியில் துருவேறியிருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினார்கள். அதன் பிரதியைப் பிரிவு அலுவலகத்துக்கும் கொடுத்தோம். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட அறிவு அது. அதை எழுதி வாங்கியதே இந்த ஆண்டின் பெரிய சாதனை என்று கருதுகிறேன். அவருக்கு இச்சபையின் நன்றி.

நம் கரையில் லைன் வேலை உள்நாட்டு வேலை போன்றதல்ல. கச்சான் காற்று அடிக்கும்போது வரும் உப்புத்தூள், கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கானில் படிந்துகொண்டே இருக்கும். மழை பெய்தால் கழுவிவிடும். பெய்யாமல் மார்கழிப் பனி இறங்கினால், ஈரமான உப்பின் மேலேயே கரண்டு கசிந்து விடியற்காலையில் லைன் டிரிப் ஆகிவிடும். கம்பியும் கிளாம்பும் மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் அரிக்கும். எந்தச் செயலியும் பீங்கானைத் துடைக்காது, ஆள்தான் ஏற வேண்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது நம் மண்டபம் உறுப்பினர்களும் தவித்தார்கள். போன்களில் சார்ஜ் தீர்ந்த பிறகு மின்னகத்துக்கு அழைக்கவும் வழியில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்த பணியாளர்களைத்தான் நம்பியிருந்தோம்.

ஆகவே உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். புகார் எண் கிடைத்துவிட்டது, இன்னும் சரியாகவில்லையே என்று கம்பத்தடியில் நின்று சத்தம் போடாதீர்கள். லைனில் கரண்டை நிறுத்தி வேலைக்கு அனுமதி தரும் லைன் கிளியர் வாங்காமல், கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு போடாமல் அவசரத்தில் ஏறுவது உயிரோடு விளையாடுவது. ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர்கள் ஜெனரேட்டருக்கு, ஈபி லைனையும் ஜெனரேட்டரையும் ஒன்றுசேர விடாமல் மாற்றும் முறையான சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டிருக்க வேண்டும். உங்கள் ஜெனரேட்டர் கரண்டு திரும்பி லைனில் ஏறினால், மேலே இருப்பவர் யாரோ ஒருவரின் பிள்ளை.

ஸ்மார்ட் மீட்டர் பற்றிப் பலர் கேட்டீர்கள். 2021இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் இலக்கு நாடு முழுக்க 25 கோடி மீட்டர். நம் மாநிலத்தில் சென்னை தியாகராய நகரில் முன்னோட்டமாகப் பொருத்தினார்கள். மீட்டரே கணக்கை அனுப்பிவிடும் என்பதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் கணக்கீட்டாளரின் வேலை மாறும். அவரை விட்டுவிடாமல் வேறு பயிற்சி கொடுத்து நுகர்வோர் உதவிக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினோம். பில் ஏன் ஏறியது என்று நம் பாட்டிகள் கேட்கும் ஒரே ஆள் அவர்தான்.

2020 டிசம்பர் 31 அன்று அறிவிக்கப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளில், முதியோருக்கு விண்ணப்பம், பில் கட்டுதல் முதலான சேவைகளை வீட்டு வாசலிலேயே தர வேண்டும் என்று இருக்கிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாது. இதைக் கேட்டு இரண்டு முறை மனுக் கொடுத்தோம், பதில் வரவில்லை. அடுத்து மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போவோம். அங்கும் திருப்தி இல்லையென்றால் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 2003 மின்சாரச் சட்டம் கொடுத்த வழி இது, பயப்பட ஒன்றுமில்லை.

"இன்றிரவு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று வரும் குறுஞ்செய்தி மோசடி. நம் சகோதரி ஒருவர் பணம் அனுப்பும் தறுவாயில் பக்கத்து வீட்டுப் பெண் தடுத்தார். அப்படி வந்தால் பேசாதீர்கள், லிங்கைத் தொடாதீர்கள், சங்கத்தில் காட்டுங்கள்.

எண் திருத்தும் வேலை கீழக்கரையில் சில தெருக்களிலும் மீனவர் குடியிருப்புகளிலும் பாக்கி இருக்கிறது. வெள்ளை அட்டையும் போனும் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் பின்வரிசை மேசைக்கு வாருங்கள். தம்பிமார் இருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்